மீட்டரில் 3,100 மணி என்றால் என்ன அர்த்தம்? பழைய படகு வாங்குபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பழைய படகு பேச்சு வந்தாலே முதலில் எழும் கேள்வி, "எஞ்சின் எத்தனை மணி ஓடியிருக்கு?" என்பதுதான். விற்பவர் ஒரு எண்ணைச் சொல்வார். சின்ன எண் என்றால் நல்ல எஞ்சின், பெரிய எண் என்றால் தேய்ந்த எஞ்சின் என்று கேட்பவர் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிடுவார். இப்படி எழுதிய தீர்ப்பு பல நேரம் தப்பாகிவிடும். 2,000 மணியிலேயே ஆயில் குடிக்க ஆரம்பித்த எஞ்சின் உண்டு. 8,000 மணி தாண்டியும் ஒரே சாவியில் எழுந்து நிற்கிற எஞ்சினும் உண்டு.

இங்கே நான் எடுத்துக்கொள்வது தமிழகக் கரையில் கைமாறும் மீன்பிடிப் படகுகளைத்தான். முக்கியமாக, டீசல் எஞ்சின் உள்ளே பொருத்திய விசைப்படகு. அப்புறம், பின்பக்கம் அவுட்போர்டு, அதாவது வெளியே தொங்கும் எஞ்சின், மாட்டிய ஃபைபர் படகு.

கிலோமீட்டருக்குப் பதில் மணி

பழைய வண்டி வாங்கும்போது கிலோமீட்டர் பார்க்கிறோம். ஆனால் அதிலேயே ஒரு சூட்சுமம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். டவுன் பஸ் ஓடிய ஒரு லட்சம் கிலோமீட்டரும், நான்கு வழிச்சாலையில் ராத்திரி பஸ் ஓடிய ஒரு லட்சம் கிலோமீட்டரும் ஒன்றல்ல. ஒன்று நின்று நின்று கிளம்பியது, மற்றது ஒரே சீராக ஓடியது.

படகில் கிலோமீட்டர் சுத்தமாக உதவாது. இழுவலை இழுக்கும்போது படகு 3 நாட், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். வேகம் குறைவே தவிர, எஞ்சின் அப்போதுதான் மூச்சைப் பிடித்து வேலை செய்கிறது. வலையைப் போட்டுவிட்டு எஞ்சினை அணைத்துக் காத்திருக்கும் செவுள்வலைப் படகு, அதே கடலில் அதே இரவைக் கழித்தாலும் எஞ்சினுக்கு அவ்வளவு வேலை கொடுப்பதில்லை. அதனால்தான் தூரத்தை விட்டுவிட்டு, எஞ்சின் ஓடிய நேரத்தைக் கணக்கில் எடுக்கிறோம். இதைத்தான் எஞ்சின் மணி என்கிறோம்.

ஆனால் டவுன் பஸ் சிக்கல் இங்கேயும் தீரவில்லை. மணி என்பது எவ்வளவு நேரம் ஓடியது என்று மட்டும் சொல்லும். எப்படி ஓடியது, இடையில் யார் என்ன பராமரிப்பு செய்தார்கள் என்பது அதில் இல்லை.

மீட்டர் எதை எண்ணுகிறது?

ஹவர் மீட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது மட்டும் ஓடும் ஒரு கடிகாரம். 'ஓடுகிறது' என்று அதற்கு எப்படித் தெரிகிறது என்பதில்தான் வித்தியாசம் வருகிறது.

சிலவற்றில் சாவியைத் திருப்பினாலே மீட்டர் ஓடும். எஞ்சின் அணைந்திருக்க, விளக்குக்காகவோ பாட்டுக்காகவோ சாவியைப் போட்டே வைத்திருந்தால் அந்த நேரமும் ஏறும். சிலவற்றில் ஆயில் அழுத்தம் வந்த பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும். இது கொஞ்சம் நேர்மையான மீட்டர். பழைய டிராக்டர் பாணியில் கேபிளால் சுற்றும் மீட்டர்கள் நேரத்தை எண்ணுவதே இல்லை, சுற்றுகளைத்தான் எண்ணுகின்றன. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஓடினால் மட்டுமே அதன் ஒரு மணி நிஜமான ஒரு மணி. ஸ்லோவில் ஓடினால் அரை மணிதான் காட்டும்.

இதைவிட எளிய சங்கதி ஒன்று உண்டு. உப்புக்காற்றில் மின்சாதனம் எதுவும் நெடுநாள் தாங்காது. மீட்டர் செத்துப்போய் இரண்டு வருடம் அப்படியே கிடந்திருக்கலாம். புதிது மாற்றியிருந்தால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் எண் பொய். லாரி எஞ்சினைக் கடலுக்கு மாற்றி இறக்கிய படகென்றால் மீட்டரே இருக்காது. இருந்தாலும், அதற்கு முன் ரோட்டில் ஓடிய கணக்கு அதில் இல்லை.

சுருக்கமாக: மீட்டர் எண் ஒரு சாட்சி. அதை வேறு சாட்சிகளோடு ஒத்துப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீட்டர் இல்லாமலே மணியைக் கணக்கிடலாம்

கடலுக்குப் போன கணக்கு, டீசல் கணக்கு, ஆயில் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத இடத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், படகைப் பார்க்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

முதலில் தொழில் கணக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மிச்சம் 43 வாரம். வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகும் படகு என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 130 முறை. புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், வலை வேலை என்று 30 கழித்தால் 100. ஒரு தடவைக்கு 14 மணி நேரம் எஞ்சின் ஓடினால், வருடத்துக்கு 1,400 மணி. ஆறு வருடப் படகு என்றால் 8,400. மீட்டரில் 3,100 இருந்தால் மீதி 5,300 மணி எங்கே போனது? பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடல் தொழில் செய்த படகாக இருந்தால் கணக்கு இன்னும் எகிறும்.

அடுத்தது டீசல். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் ஏறக்குறைய 5 குதிரைத்திறனை ஒரு மணி நேரத்துக்குத் தரலாம். 120 குதிரைத்திறன் எஞ்சின், சராசரியாக 60 சதவீதப் பளுவில் ஓடினால் 72 குதிரைத்திறன். மணிக்குச் சுமார் 14.4 லிட்டர். வரிவிலக்கு டீசலும் வெளியில் போட்ட டீசலும் சேர்த்து வருடத்துக்கு 20,000 லிட்டர் என்று கணக்குப் புத்தகம் சொன்னால், 20,000-ஐ 14.4-ஆல் வகுங்கள். சுமார் 1,390 மணி. மேலே போட்ட 1,400-உடன் ஒட்டி வருகிறது அல்லவா? இது துல்லியமான கணக்கு இல்லை, பத்து இருபது சதவீதம் முன்பின் இருக்கும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு மணியைக் காட்டி விற்பவரைப் பிடிக்க இது போதும்.

மூன்றாவது எஞ்சின் ஆயில். இந்த ரகக் கடல் டீசல் எஞ்சின்களுக்கு 250 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது வழக்கம். எஞ்சின் கையேட்டில் சரியான எண் இருக்கும். 1,400 மணி ஓடும் எஞ்சினுக்கு வருடத்தில் ஐந்தாறு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற வேண்டும். பில்லில் இரண்டு முறைதான் இருக்கிறதா? அப்படியானால் அந்த எஞ்சின் பாதி வாழ்க்கையைக் கெட்டுப்போன ஆயிலில் கழித்திருக்கிறது. 3,100 மணியா 8,400 மணியா என்பதைவிட எனக்கு இதுதான் பயம் தரும் தகவல்.

"பில்லெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்?" என்பார்கள். உண்மைதான், முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பதில்லை. ஆனால் ஆயில் கடையிலும் மெக்கானிக்கிடமும் பற்று நோட்டு இருக்கும். படகின் டிரைவரிடம் தனியாக ஒரு டீ குடித்தாலும் பாதி விஷயம் வந்துவிடும். "அண்ணே, ஆயில் அடிக்கடி ஊத்துவீங்களா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். உரிமையாளர் மறைப்பதை அவர் பெருமையாகவே சொல்லிவிடுவார்: "நாலு நாளைக்கு ஒரு லிட்டர் ஊத்தி ஓட்டிட்டோம்ல!"

இணையத்தில் தேடினால் 'வருடத்துக்கு 50 முதல் 100 மணிதான் சராசரி' என்று கண்ணில் படும். அது அமெரிக்காவில் வாரக் கடைசியில் ஏரியில் சுற்றும் உல்லாசப் படகுகளின் கணக்கு. அதை வைத்து நம் ஊர் விசைப்படகை அளக்கக் கூடாது. தினமும் உழைக்கும் டீசல் எஞ்சினுக்கு 8,000 மணி என்பது அதனளவில் குற்றமில்லை.

தேய்மானம் எங்கே நடக்கிறது?

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது அந்தப் படலம்தான். ஆயில் பழசானால் அதில் கரியும் எரிபொருளிலிருந்து வரும் அமிலமும் சேர்ந்து படலம் வலுவிழக்கும். சுவர் தேயும், இடைவெளி கூடும். எரிந்த வாயு அந்த இடைவெளி வழியாகக் கீழே எஞ்சின் வயிற்றுக்குள் இறங்கும். இதற்குப் பெயர் புளோ-பை. இது கூடினால் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுக்கும் அழுத்தம், குறையும். கம்ப்ரஷன் குறைந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆகத் திணறும், இழுவை போகும், புகை தள்ளும். இந்தத் தொடர் புரிந்துவிட்டால் பின்னால் சொல்லும் சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும்.

ஒரே சீரான மிதமான பளுவில் ஓடும் மணிகள் எஞ்சினுக்கு இதமானவை. எப்போதும் முழு ஆக்சிலரேட்டரில் ஓடுவது கெடுதல். மணிக்கணக்காக வெறும் ஸ்லோவில் விட்டு வைப்பதும் கெடுதல் என்பதுதான் பலருக்குத் தெரியாது. எஞ்சின் அப்போது சரியாகச் சூடாவதில்லை, டீசல் முழுதாக எரிவதுமில்லை. கரி படியும், சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி ஆயிலைப் பிடித்து வைக்காமல் போகும்.

இது எல்லா எஞ்சினுக்கும் பொது. கடல் எஞ்சினுக்கென்றே ஒரு வியாதி உண்டு: உப்பு. எஞ்சினைக் குளிரவைக்கக் கடல் நீர் தேவை. சிலவற்றில் கடல் நீர் நேரடியாக எஞ்சினுக்குள் ஓடும். மற்றவற்றில் உள்ளே நன்னீர் சுற்றும், கடல் நீர் வெளியிலிருந்து அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். இந்தச் சூட்டுப் பரிமாற்றம் நடக்கும் பெட்டிதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். சூடான இடத்தில் உப்பு கட்டியாகப் படியும், வழி அடைபடும். நேரடியாகக் கடல் நீர் ஓடும் எஞ்சின்களைக் குறைந்த சூட்டில் ஓட்டுவதற்கு இதுதான் காரணம்.

சும்மா நின்ற எஞ்சின்

'மூன்று வருடம் சும்மாவே நின்றது, மணி ரொம்பக் குறைச்சல்' என்பதை ஒரு தகுதியாகச் சொல்வார்கள். எனக்கு அது எச்சரிக்கை மணி. ஓடாத எஞ்சினில் ஆயில் படலம் வடிந்துவிடும். ஈரக்காற்று உள்ளே போய்ச் சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும். கடல் நீரை உறிஞ்சும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரத்தின் பெயர் இம்பெல்லர். அதன் இதழ்கள் ஒரே நிலையில் மடங்கி விறைத்துப்போகும், ஓட்டிய முதல் நாளே பிய்ந்துவிடலாம். டாங்கில் கிடக்கும் டீசலில் தண்ணீர் சேர்ந்து பாசிபோல் வழவழப்பு வளரும்.

பெட்ரோல் அவுட்போர்டு என்றால் இன்னும் மோசம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், கார்புரேட்டருக்கு முதலில் போவது அதுதான்.

கரையில் பார்ப்பது

தடைக்காலத்தில் படகுகள் கரையேறி நிற்கும். அடிப்பாகம், படகைத் தள்ளும் விசிறி (புரொப்பெல்லர்), அதைச் சுற்றும் ஷாஃப்ட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் நேரம் அது ஒன்றுதான். சிக்கல் என்னவென்றால், பெயின்ட் அடிக்கும் நேரமும் அதுவே. புதுப் பெயின்ட் பளபளக்கும் எஞ்சினைப் பார்த்தால் நான் சந்தேகத்தோடுதான் கிட்டப் போவேன். பெயின்ட்டுக்கு அடியில் துரு இருந்தால் போல்ட் தலைகளின் ஓரம் காட்டிக் கொடுக்கும்: மூலை மழுங்கி, பெயின்ட் பொருக்காக எழும்பியிருக்கும்.

படகின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருப்பார்கள். ஜிங்க் என்பார்கள். உப்பு நீரில் இரும்பும் வெண்கலமும் சேர்ந்திருந்தால் ஒரு மெல்லிய மின்னோட்டம் உண்டாகி உலோகம் அரிக்கும். அந்த அரிப்பை ஜிங்க் தன் மேல் வாங்கிக்கொள்ளும். ஆகவே பாதி கரைந்த ஜிங்க் நல்ல சகுனம், வேலை செய்திருக்கிறது. முழுதாகக் கரைந்து போல்ட் மட்டும் நின்றால் யாரும் கவனிக்கவில்லை. ஒரு வருடமாகியும் கரையவே இல்லையென்றால் தொடர்பு சரியில்லை, அல்லது பெயின்ட் அடிப்பவர் அதன் மேலும் சேர்த்து அடித்திருக்கிறார். பெயின்ட் பூசிய ஜிங்க் எதையும் காக்காது.

அடுத்து ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். 'ஆயில் கறுப்பு, எஞ்சின் போச்சு' என்று சொல்பவர்கள் உண்டு. டீசல் எஞ்சினில் புது ஆயில்கூடச் சில மணி நேரத்தில் கறுத்துவிடும், அது குற்றமல்ல. காபி கலரில் பாலாடைபோல் இருந்தால்தான் ஆபத்து, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றிருந்தால் உலோகத் தூள். கியர் பாக்ஸ் ஆயிலுக்கும் இதே பரிசோதனைதான்.

கடலில் ஓட்டிப் பார்ப்பது

ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தடைக்காலத்தில் பேசி முடித்தாலும், 'கடலில் ஓட்டிய பிறகே பணம்' என்று எழுதிக்கொள்ளலாம்.

போனதும் முதலில் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். கம்ப்ரஷன் குறைந்த எஞ்சின் சூட்டில் சமத்தாக எழும், குளிரில்தான் அடம்பிடிக்கும். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஸ்டார்ட் ஆனதும் புகை. குளிரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைவது சகஜம். சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது, அல்லது டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நீலம் கலந்திருந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது பளு அதிகம். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. குபுகுபுவென்று தள்ளினால் அதுதான் மேலே சொன்ன புளோ-பை, கண் முன்னால்.

கடைசியாக முழு வேகம். எஞ்சின் தகட்டில் அதன் உச்சச் சுற்று எழுதியிருக்கும். 1,800 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் சூடானதும் கியரில் போட்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். 1,800-ஐத் தொட்டு, சூடும் ஏறாமல் நின்றால் எஞ்சினும் குளிர்விக்கும் வழியும் சரி. 1,500-இலேயே முக்கினால் காரணம் மூன்றில் ஒன்று: அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கிறது, விசிறி அளவு பெரிது, அல்லது எஞ்சினில் வலு இல்லை. முதல் இரண்டையும் கரையிலேயே பார்த்துத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது மூன்றாவதுதான். ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

இதுவரை: கணக்கு ஒத்துப்போக வேண்டும், குளிரில் எழ வேண்டும், முழுச் சுற்றைத் தொட வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருக்கும் எஞ்சினின் மீட்டரில் பெரிய எண் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

அவுட்போர்டு என்றால்

அவுட்போர்டில் வேலை கொஞ்சம் எளிது. புதிய நான்கு-ஸ்ட்ரோக் ரகங்களில் எஞ்சினின் கணினியே மணியைப் பதிந்து வைக்கிறது. எந்தச் சுற்றில் எத்தனை மணி ஓடியது என்றுகூடப் பிரித்துக் காட்டும். யமஹா, சுசுகி போன்றவற்றின் சர்வீஸ் மையத்தில் லேப்டாப்பை இணைத்து எடுத்துக் கொடுப்பார்கள். கார்புரேட்டர் வைத்த மண்ணெண்ணெய் எஞ்சினில் இந்த வசதியெல்லாம் கிடையாது.

முதல் சர்வீஸ் 20 மணியில், அப்புறம் 100 மணிக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்பது நான்கு-ஸ்ட்ரோக்குக்குப் பொதுவான கணக்கு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஓடும்போது பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும், சொட்டினால் இம்பெல்லரோ வழியோ சரியில்லை.

முக்கியமான இடம் அடியில் இருக்கும் கியர் பெட்டி. விசிறியைக் கழற்றினால் ஷாஃப்ட்டில் நைலான் நரம்பு சுற்றியிருப்பது நம் கடலில் சர்வ சாதாரணம். அந்த நரம்பு சூடாகி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுக்கும், அறுந்த வழியில் உப்பு நீர் கியருக்குள் போகும். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கியர் பெட்டியின் கீழ்த் திருகை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.

விலையும் காகிதமும்

8,000 மணி ஓடிய, கணக்கு சரியாக இருக்கும் எஞ்சினுக்கு அடுத்த சில வருடத்தில் பெரிய வேலை வரும். எஞ்சினை இறக்கி லைனர் (சிலிண்டரின் உள்ளுறை), ரிங், பேரிங் மாற்றும் செலவை உள்ளூர் மெக்கானிக்கிடம் கேட்டு, ஒரு பகுதியை விலையில் குறையுங்கள். 'போன வருடம்தான் எஞ்சின் வேலை பார்த்தோம்' என்றால் எந்தப் பட்டறை, என்னென்ன பாகம் என்று கேட்டு அங்கேயே போய் விசாரியுங்கள். ரிங் மட்டும் மாற்றியதையும் முழு வேலை என்று சொல்வது உண்டு.

எஞ்சின் தகட்டில் உள்ள எண்ணும் குதிரைத்திறனும் படகின் பதிவுச் சான்றோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். தமிழகத்தில் விசைப்படகுக்கு 240 குதிரைத்திறன்தான் உச்ச வரம்பு. இடையில் எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவில் திருத்தாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றத்துக்கு மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போகும்போது மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான். அந்தத் திருத்தத்தை விற்பவரே முடித்துக் கொடுத்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.